வெறும் கேஸ்தான்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போனில் நீ இன்றைக்கு ஒன்று சொல்வாய், நாளைக்கு "நான் எப்போ சொன்னேன்?" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் போடு, அடியில் கையெழுத்தும் போடு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் எடுக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, "சந்தேகம்தான் உனக்கு வியாதி, முதல்ல அதுக்கு மாத்திரை சாப்பிடு"ன்னு கத்திவிட்டு வைத்தாயே, அது இன்னும் காதில் நிற்கிறது. உன் மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க என்ன பாடு பட்டார் என்பதை நான் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு சோடா பெட்டி அனுப்புவதை இன்றோடு நிறுத்து. இப்போது அவர் குடிக்கிற அளவு உனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் காலி பாட்டில், குளியலறை வாளிக்குப் பின்னால் காலி பாட்டில், குடை மாட்டுகிற ஆணியில் தொங்கும் பைக்குள் ஒரு பாதி பாட்டில். காலையில் பேப்பர் வாங்கக் கீழே இறங்கினால் கையில் பாட்டில். சாயங்காலம் பூங்காவுக்குப் போனாலும் அதேதான். திரும்பி மாடி ஏறி வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸும்மா, வெறும் கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார், சாப்பாட்டையும் தள்ளி வைக்கிறார். கேஸை வாய் வழியாக உள்ளே அனுப்பிவிட்டு, உள்ளே கேஸ் இருக்கிறது என்றால் என்ன நியாயம்?

நான் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவள்தான். ஆனால் இத்தனை வருஷமாக எத்தனை வாய்க்குள் பார்த்திருக்கிறேன் தெரியுமா? பாட்டிலும் கையுமாகத் திரிகிற பிள்ளைகளின் முன்பல்லை நீ வந்து பார். ஓரம் கரைந்து, பழுப்பேறி, தொட்டால் அலறும். அப்பாவுக்கு இப்போது இடது கீழ்த்தாடை வலிக்கிறது. மென்றால் வலிப்பதில்லை, நடந்தால் வலிக்கிறது என்கிறார். அப்படி ஒரு பல்வலியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டால் எரிந்து விழுகிறார், ஏதோ மறைக்கிறார் என்று தோன்றுகிறது. அவர் மறைப்பது உனக்குத் தெரியும் என்றும் தோன்றுகிறது.

அக்கா


பிப்ரவரி 10

மேன்மை பொருந்திய பல் டாக்டரம்மா சமூகத்துக்கு,

உன் தம்பி, உன் வீட்டார் எல்லாரும் "சோடா" என்று கூப்பிடும் கடைநிலை ஊழியன், பணிவோடு எழுதிக்கொள்வது. கையெழுத்து கேட்டாய், அடியில் போட்டிருக்கிறேன். போதாவிட்டால் சொல், கைரேகையும் வைக்கிறேன்.

நான் வேலை செய்கிற இடத்தை நீ ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. நாங்கள் ஏதோ விஷம் காய்ச்சுகிறோம் என்று நினைத்திருக்கிறாய். நான் நிற்பது கேஸ் கலக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். ஒரு குழாயில் வடிகட்டிய தண்ணீர் வரும், பல் கூசுகிற அளவுக்குக் குளிர வைத்தது. இன்னொரு குழாயில் கேஸ் வரும். இரண்டையும் அழுத்திக் கலந்து, கேஸ் தப்புவதற்குள் மூடி போட வேண்டும். என் வேலை முழுக்க கேஸின் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். முள் இறங்கினால் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், மேஸ்திரி என் தோலை உரித்துவிடுவார். வெறும் சோடா என்றால் இவ்வளவுதான், தண்ணீரும் கேஸும். கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பல்லை அரிக்கிற கலர் பானம், சர்க்கரைப் பாகு, எல்லாம் அடுத்த கொட்டகையில். அதை நான் என் ஜென்ம விரோதிக்குக்கூட தினமும் கொடுக்க மாட்டேன். சர்க்கரை மூட்டை இறங்குகிற அளவைப் பார்த்தவன் நான். ஆனால் அப்பாவுக்கு ஒரு தடவைகூட அதை அனுப்பியதில்லை.

வயிற்று உப்புசம் வரும், நெஞ்சு எரிச்சல் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அதெல்லாம் உண்மை. ஆனால் கேஸ் என்றால் சோடா குடித்து ஒரு ஏப்பம் விடுவது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதானே? இதில் என்ன மர்மம்?

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். உனக்குக் கோபம் சோடா மேலா, அதை நான் அனுப்புகிறேன் என்பதன் மேலா? போன வாரம் அப்பா என்னிடம் பேசினார். "உங்க அக்கா என்னை நோயாளியாக்காம விடமாட்டா போலிருக்கு"ன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காலமெல்லாம் மின்கம்பத்தில் ஏறி ஒயர் மாட்டிய ஆள். அவரை நீ மாடிப்படியில் பிடித்து, "வாயைத் திறங்க, பல்லைக் காட்டுங்க" என்றால் வேறு என்ன சொல்வார்?

சரி, உன் மனத்திருப்திக்காக நிறுத்துகிறேன். இனிமேல் ஒரு பாட்டில்கூட வராது.

சோடா
(இதுதான் கையெழுத்து)


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நிறுத்தினேன் என்று எழுதினாய். கையெழுத்தும் போட்டாய். நேற்று அப்பாவின் தலையணைக்குப் பின்னால் மூடி திறக்காத இரண்டு பாட்டில் இருந்தது. உன் கம்பெனி சீட்டுதான். இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

நான் சொல்கிறேன், கேள். துணி துவைக்க எடுத்தபோது உன் மாமாவின் பேண்ட் பாக்கெட்டில் நீல மூடி ஒன்று கிடைத்தது. "இது என்ன?" என்றேன். "மூடி" என்றார். "எதோட மூடி?" என்றேன். "பாட்டிலோட மூடி" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் இவ்வளவு புத்திசாலித்தனமாகப் பதில் சொன்னதே கிடையாது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீதானே? எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள் அல்லவா?

அப்பாவை எங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று அடம் பிடித்தார், இழுத்துக்கொண்டுதான் போனேன். இடது பக்கம் முழுக்கப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லா இருக்கும்மா, ஈறும் நல்லா இருக்கு. இந்த வயசுக்கு அருமையான பல்லு" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு அவருக்கு வெளியே போகிற அவசரம். அடுத்த வாரம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பல்லில் ஒன்றுமில்லை என்றால் தாடை ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். "பெரிய டாக்டரைப் பாருங்க" என்றார். பல்லைப் பற்றித் தெரியாதவர்கள் எல்லாரும் கடைசியில் சொல்கிற பதில்தான் அது.

இன்னொரு விஷயம். பிடுங்கிய பல் இரண்டைக் கேட்டு வாங்கிவந்து, ஒன்றைக் கலர் பானத்திலும் ஒன்றை உன் சோடாவிலும் ஊறப் போட்டு, அப்பா கண்ணில் படும்படி சமையலறை அலமாரித் தட்டில் வைத்தேன். கலரில் போட்ட பல் இப்போது பழுப்பாகி, மேல்பக்கம் சொரசொரப்பாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "யாரு பல்லும்மா?" என்றார், அவ்வளவுதான். உன் மாமாதான் தாகம் என்று இருட்டில் கையை நீட்டி கிளாஸை எடுத்துவிட்டார். குடிப்பதற்குள் நான் கத்தினேன். இப்போது அவர் தண்ணீரைக்கூட விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

மூடிக்குப் பதில் சொல்.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

சோடாவில் போட்ட பல் என்னாயிற்று? இரண்டு கிளாஸ் வைத்தாய், ஒரு கிளாஸின் கதையைத்தான் எழுதியிருக்கிறாய். என்னைச் சந்தேகப்படுகிற ஆள் சாட்சியில் பாதியை ஒளிக்கலாமா? பல் அப்படியே வெள்ளையாக இருக்கிறதுதானே? எழுதிக் கொடு, சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

மூடிக்குப் பதில்: நான் அனுப்பவில்லை. எங்கள் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மாமா வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் புரியவில்லை. அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துபோகும்.

அதனால் சிரிக்காமல் ஒன்று எழுதுகிறேன். இரண்டு நாளாக மனசை அரிக்கிறது. ஆம்பளைகள் சோடாவை மறைத்து வைத்துக் குடிப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அந்தச் சோடா தனியாகப் போகிறதா, துணையோடு போகிறதா? அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். பூங்காவில் அவரோடு உட்கார்கிறவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் வியர்த்துப்போய் உட்கார்வதும், எரிந்து விழுவதும், சாப்பாட்டைத் தள்ளி வைப்பதும், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. வாயை மோந்து பார். நீதான் பல்லைப் பார்க்கிற சாக்கில் எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் போகலாமே.

தப்பாக இருந்தால் என்னைத் திட்டு. தப்பாகவே இருக்கட்டும்.

சோடா


மார்ச் 4

தம்பிக்கு,

உனக்கு வெட்கமாக இல்லையா? நம் அப்பாவைப் பற்றியா அப்படி எழுதினாய்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. டாக்டர் கொறடு கேட்டால் பஞ்சு கொடுத்தேன். சந்தேகம் எனக்கு வியாதி என்றாய். உனக்கு அது தொழிலாகவே ஆகிவிட்டது.

ஆனால் மோந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, அந்தப் புண்ணியமும் உனக்குத்தான். ஒரு வாசனையும் இல்லை.

அதோடு விடவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டேன். அவர் பூங்காவுக்குப் போய்த் திரும்புகிற நேரத்துக்கு எங்கள் மாடிக் கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஏறி வந்தார். முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்தார், ஒரு வாய்தான் குடித்தார். பிறகு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றார். எதிர் வீட்டுப் பெண் இறங்கி வந்தபோது பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "சோடா குடிக்கிறேன்" என்றார். அவள் கேட்கவே இல்லை. அவள் போன பிறகும் நின்றார். தாடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு ஏப்பம் விட்டார், "போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினார். அடுத்த திருப்பத்திலும் அதே கதைதான். உள்ளே வரும்போது பனியன் நனைந்திருந்தது. இந்தப் பாழாய்ப்போன பழக்கம் படியில்கூட அவரை விடவில்லை பார்.

உன் மாமாவை உட்கார வைத்துக் கேட்டேன். காது சிவந்துவிட்டது. அப்பா கேட்டாராம், இவர் வாங்கிக் கொடுத்தாராம். "உங்க பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?" என்று இவர் கேட்டதற்கு, "சொன்னீங்கன்னா இனி உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாராம். மாமனாருக்கும் மருமகனுக்கும் இந்த வயசில் டூ விடுகிற விளையாட்டு.

இதை நேற்று எழுதி நிறுத்தினேன். இன்று தொடர்கிறேன், ஏனென்றால் இன்று நான் ஜெயித்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் அவர் தூங்கும்போது, ஒளித்து வைத்திருந்த பாட்டில் அத்தனையையும் எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கரண்டியால் நன்றாகக் கலக்கினேன். நுரை முழுக்க அடங்கி, வெறும் பச்சைத் தண்ணீர் ஆகிற வரைக்கும். பிறகு அதே பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சப்பென்று இருந்தால் வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் மறுபடி எட்டிப் பார்த்தேன். அதே திருப்பத்தில் நின்றார், பாட்டிலைத் திறந்தார். ஒரு சத்தமும் இல்லை. குடித்தார். முகம் சுளிக்கவில்லை. என்ன இது, தண்ணீராக இருக்கிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. அதே மாதிரி சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போச்சு" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தார்!

பார்த்தாயா? அவருக்குச் சோடாவும் ஒன்றுதான், குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான். நெஞ்சில் கேஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் நீ பிடித்துவிட்ட பழக்கம். இனி இப்படியே தண்ணீரை ஊற்றி வைத்து மறக்கடிக்கப் போகிறேன். உன் மெஷினும் உன் முள்ளும் இனி இந்த வீட்டுக்குத் தேவையில்லை.

அக்கா


மார்ச் 9

அக்கா,

காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டேன், எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னா உங்க அக்கா நம்ப மாட்டா. நீயும் நானும் கூட்டுன்னுதான் நினைப்பா. எழுதிக் கொடு, காட்டறேன்" என்றார். அதனால் இதை எழுதி, படம் எடுத்து, அவர் போனுக்கு அனுப்புகிறேன்.

நீ கேஸைக் கலக்கி எடுத்துவிட்டாய். அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், போனால் திரும்பி வராது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஏப்பம் வராது. அப்பாவுக்கு ஏப்பம் வந்ததா? முதல் தடவை வந்தது என்று எழுதியிருக்கிறாய், அடுத்த தடவை எழுதவில்லை. வந்திருக்காது. ஆனாலும் "போச்சு" என்றார். அப்படியென்றால் போனது எது?

கேஸ் இல்லை அக்கா. அவர் நின்றார், அதனால் போனது. சோடா ஒரு சாக்கு. ஏறினால் வருகிற வலி, நின்றால் போகிற வலி, நடந்தால் தாடைக்கு இழுக்கிற வலி. எல்லாம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. நான் சோடாவைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் கம்பெனி நர்ஸிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கடைசி வரைக்கும்கூட அவள் படிக்கவில்லை. "உங்க அப்பா இப்ப எங்க இருக்காரு? படி ஏற விடாதீங்க. இறங்கவும் விடாதீங்க" என்றாள்.

இதை எழுத்தில் சொல்கிறேன், பின்னால் மாற மாட்டேன். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு, இப்போதே. தப்பாக இருந்தால் ஆயுசுக்கும் என்னைத் திட்டு. நான் பஸ் ஏறிவிட்டேன்.

முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து போட்டிருக்கிறேன். தயவுசெய்து நம்பு.


மார்ச் 27

தம்பிக்கு,

நேற்று அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நீ கிளம்பிப் போனபோது இருந்ததைவிட முகம் தெளிவாக இருக்கிறது. உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்துத் திட்டுகிறார். திட்டட்டும்.

ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்ன பேசுவது? அதனால் அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

உன் மாமா போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினார். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அது உன் கையெழுத்துதானா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் படித்தேன். திரும்பினால் அப்பா வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், பூங்காவுக்குப் போக. பை தோளில் இருந்தது. "எங்கயும் போகாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்துவிட்டது. "என்னம்மா இது, வெறும் கேஸ்தான்" என்றார். தம்பி, இனி என் காதில் அந்த வார்த்தை விழவே கூடாது. அடுப்புக்குக்கூட நான் வேறு வார்த்தை தேடிக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வாரால் கட்டி, மாடியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனாலும் நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்த பிறகுதான் வலி பெரிதாக வந்தது. நீ அப்போது பஸ்ஸில் இருந்தாய். நான் திரைக்கு வெளியே நின்றேன், உள்ளே ஓடுகிற கால்களை மட்டும் பார்த்தேன். பிறகு இதய டாக்டர் வந்து, ரத்தக்குழாயில் அடைப்பு, திறந்துவிட்டு உள்ளே சின்னக் கம்பிச் சுருள் வைத்திருக்கிறோம் என்றார். "இது வீட்டில வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

அவரிடம் சோடாவைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் விடுவேனா? சர்க்கரை போட்டதை மறந்துவிடுங்கள், வெறும் சோடா எப்போதாவது கொஞ்சம் குடித்தால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது என்றார். "ஆனா நெஞ்சைப் பிடிச்சா சோடாவைத் தேடக்கூடாதும்மா, எங்களைத் தேடணும்" என்றார். ஆக, உன் சோடா குற்றவாளி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு நாள் உண்மையை மறைத்து வைத்திருந்தது அதுதான். அந்த விஷயத்தில் அதை நான் மன்னிக்கப் போவதில்லை. சோடாவில் போட்ட பல் வெள்ளையாகத்தான் இருந்தது. போதுமா?

ஏன் மறைத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "சொன்னா நீ என்னை மாடியிலயே பூட்டி வச்சுடுவே" என்றார். பூட்டித்தான் வைத்திருப்பேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கேட்கத்தான் இந்தக் கடிதம். மறுநாள் விடியற்காலையில் நீ வந்தபோது ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு மேலே நான் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. லிப்ட் வரவில்லை என்று படியில் ஓடி வந்தாய். பாதியில் நின்றாய். ஓரமாகத் திரும்பி, எதையோ பார்ப்பது போல வெகுநேரம் நின்றாய். அப்பாவைப் பார்க்க ஓடி வந்தவன் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்?

பிள்ளைகளும் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். நான் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எழுத்தில் சொல்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ஆக, அப்பாவின் கேஸ் முடிந்தது, என் கேஸ் ஆரம்பித்துவிட்டது. மன்னிக்க வேண்டும், அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பதை மறந்துவிட்டேன்.

அந்தத் திருப்பத்தில் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவன், அப்பாவைத் தொடப் போகிறோமே, கையைச் சரியாகக் கழுவ வேண்டுமே என்று நின்று படித்தேன். அதில் என்ன குற்றம்? அன்றைக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, அதோடு பயம் வேறு. அந்த நிலையில் யார் ஏறினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். எனக்கு ஒன்றுமே இல்லை. இங்கே தினமும் கல்லு மாதிரி நின்று வேலை செய்கிறேன்.

அப்பாவுக்குத் தாடை வலி நின்றுவிட்டதா? பூங்கா ஆட்கள் யாராவது வந்து பார்த்தார்களா? அவர்களைப் பற்றி நான் நினைத்ததை அவர்களிடம் சொல்லிவிடாதே. அப்பாவிடமும்தான்.

பல்லுக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. நர்ஸிடம் காட்டினேன். "உங்க அக்கா பெரிய ஆளுதான்" என்றாள். ஆமாம் என்றேன்.

சோடா


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நேற்று அப்பாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரை லிப்டில் ஏற்றி உன் மாமாவோடு மேலே அனுப்பிவிட்டு, நான் படியில் ஏறிப் போனேன். நீ நின்ற திருப்பத்தில் நானும் நின்றேன். அங்கே போஸ்டரும் இல்லை, போஸ்டர் ஒட்டச் சுவரும் இல்லை. ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, பாதிக்கு வெள்ளைச் சாயம் பூசியது. வெளியே பார்க்கக்கூட முடியாது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், முன்னால் இங்கே ஏதாவது ஒட்டியிருந்தார்களா என்று கேட்டேன். "கண்ணாடியில யாரும்மா ஒட்டுவாங்க?" என்றாள்.

நீ கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுத்தில் வாங்கிவிட்டால் உண்மை வந்துவிடும் என்று நினைத்தேன். அதில் நான் ஏமாந்துவிட்டேன். எனக்குக் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது. உன்னைத் திட்டக்கூட வரவில்லை, அவ்வளவு பயமாக இருக்கிறது.

அதனால் இதற்குப் பதில் எழுதாதே. போனில் கூப்பிடு. எடுக்கிறேன். வேலை முடிந்து வந்ததும், உன் அறைக்குப் போகிற மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு கூப்பிடு. போனைப் பையில் போடாதே, வாய்ப் பக்கத்தில் பிடித்துக்கொள். ஒன்றும் பேசாதே, முக்கியமாகச் சிரிக்க வைக்காதே. மெதுவாக ஏறு. எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ, அங்கேயே உட்கார்ந்துகொள். அதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போனைத் தன் காதில் வைக்கச் சொன்னார். "எங்கிட்டக் கொடு. எனக்குத்தான் அந்த மூச்சு தெரியும்" என்றார்.

அக்கா